வீட்டிலேயே பீர் தயாரிக்கும் கிட் வாங்கலாமா? 1937-லேயே பதில் எழுதிவிட்ட ராஜாஜியின் கதை

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை, வேலூரில் வாடகை ரூம், சனிக்கிழமை ராத்திரி கையில் போன். ரெண்டு வீடியோ பார்த்ததும் ஆசை வந்துவிடும்: நாமளே வீட்ல கொஞ்சமா பீர் தயாரிச்சா என்ன? அடுத்த பத்தாவது நிமிஷம் கார்ட்டில் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, ஏர்லாக், ஹைட்ரோமீட்டர், தெர்மாமீட்டர், பாட்டில் மூடி அழுத்தும் கருவி எல்லாம் ஏறியிருக்கும்.

இப்போது குழப்பம் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக் வாளியா, கண்ணாடி ஜாடியா, ஸ்டீல் பாத்திரமா? எது கீறல் விழாது, எதைக் கழுவுவது சுலபம்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கு. இதையெல்லாம் தமிழ்நாட்டில் வீட்டில் வைத்திருக்கலாமா?

அதற்கான பதிலை எழுதி வைத்தவர் 1972-ல் இறந்துபோன ஒரு முன்னாள் முதல்வர், ராஜாஜி. அவர் ஏன் அப்படி எழுதினார் என்று தெரிந்துகொள்ள, அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

முதலில், அந்தக் கருவிகள் எதுக்கு?

பீர் என்பது முளைகட்டிய பார்லியின் சர்க்கரையை ஈஸ்ட் தின்று, ஆல்கஹாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றுவது. இட்லி மாவு பொங்கும் கதைக்கு இது தூரத்து உறவு. ஏர்லாக் உள்ளே உருவாகும் வாயுவை வெளியே விடும், வெளிக்காற்றை உள்ளே விடாது. ஹைட்ரோமீட்டர் திரவத்தின் அடர்த்தியை அளக்கும். தொடக்கத்தில் 1.050 காட்டியது முடிவில் 1.010 காட்டினால், சுமார் 5 சதவீத ஆல்கஹால் உருவாகியிருக்கு என்று அர்த்தம்.

தெர்மாமீட்டர்தான் நம்ம ஊருக்கு முக்கியம். ஏல் வகை ஈஸ்ட்டுகள் பெரும்பாலும் 18 முதல் 22 டிகிரி செல்சியஸில் நன்றாக வேலை செய்யும். மே மாத வேலூரில் வெயில் 40-ஐத் தாண்டும். ஆக, இங்கே ஃபிரிட்ஜ் இல்லாமல் எந்த வாளியும் உதவாது. நுட்பமாகப் பார்த்தால் பதில் இதுதான். சட்டமாகப் பார்த்தால் பதில் வேறு.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. அன்றைக்கு மெட்ராஸ் மதுவிலக்குச் சட்டம். இதில் மது என்பதற்கான விளக்கத்திலேயே பீர் இருக்கு. பிரிவு 4 மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. அதோடு நிற்கவில்லை. மது தயாரிப்பதற்கான பொருள், பாத்திரம், கருவி எதையும் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். தன் பொறுப்பில் இருக்கும் இடத்தில் இதை அனுமதிப்பவரும் சிக்குவார். ரூம்மேட் கவனிக்க!

வாளி வாங்குவது குற்றமல்ல. பீர் தயாரிக்க என்று வாங்கி வைப்பதுதான் குற்றம். அளவு சின்னது, விற்பனைக்கு இல்லை, எனக்கு மட்டும்தான் என்பதெல்லாம் இந்தப் பிரிவில் விலக்கு கிடையாது.

அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் சாராய ஊறல் அழிப்பு என்று அடிக்கடி செய்தி படிக்கிறோமே, வெல்லமும் பட்டையும் போட்டு ஊறவைத்த அந்தப் பேரலும் உங்கள் ஏர்லாக் வாளியும் இந்தப் பிரிவின் பார்வையில் ஒரே வரிசையில்தான் நிற்கும்.

தொரப்பள்ளி டு சேலம்

சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878 டிசம்பர் 10, ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி கிராமம். ஓசூரிலும் பெங்களூருவிலும் படிப்பு, சென்னையில் சட்டம். 1900 வாக்கில் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கி, நன்றாகச் சம்பாதித்தார். 1916-ல் மனைவி அலர்மேல் மங்கம்மா இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு, ஐந்து குழந்தைகள். மறுமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த வருஷமே சேலம் நகராட்சித் தலைவர் ஆனார்.

1919-ல் காந்தியைச் சந்தித்தார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டார்.

வேலூர் ஜெயிலில் மூன்று மாதம்

நம்ம ஊர் இவர் கதைக்குள் வருவது இங்கேதான். 1921 டிசம்பரில் கைதாகி, வேலூர் மத்திய சிறையில் மூன்று மாதம் இருந்தார். அந்த நாட்களில் அவர் எழுதிய டைரி பின்னால் புத்தகமாக வந்தது. வசதியான சேலத்து வக்கீல் ஒருவர், சாதாரணக் கைதிகளோடு ஒரே சுவருக்குள் வாழ்ந்த அனுபவம் அது.

திருச்செங்கோடு: கூலி எங்கே போகுது?

1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். சுற்றுக் கிராமங்களில் நூல் நூற்கும் வேலையும் நெசவும் கொடுப்பது ஆசிரமத்தின் முக்கியப் பணி. வேலை கிடைத்தது, கூலி கிடைத்தது. ஆனால் அந்தக் கூலி வீட்டுக்குப் போகும் வழியில் கள்ளுக்கடை இருந்தது. கடையை ஏலம் விட்டு வருமானம் பார்த்தது பிரிட்டிஷ் அரசு. ஏழையின் பையிலிருந்து அரசின் கஜானாவுக்குப் போகும் பாதை அது.

1929-ல் மதுவிலக்குக்காகவே விமோசனம் என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் அவருக்கு உதவியாக வேலை பார்த்தவர், பிற்காலத்தில் பொன்னியின் செல்வன் எழுதிய கல்கி. பத்து இதழ்களோடு பத்திரிகை நின்றுபோனது. 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரக யாத்திரை, மறுபடி ஜெயில்.

1937: பானையையும் பிடித்த சட்டம்

1937 ஜூலையில் மெட்ராஸ் மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதல்வர் பதவிக்கு அதுதான் பெயர். பதவியேற்ற மூன்றே மாதத்தில், அக்டோபர் 1-ம் தேதி, சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு அமலானது. வக்கீலாக, நகராட்சித் தலைவராக, ஆசிரமவாசியாக அவர் தெருத்தெருவாக அறிந்த மாவட்டம்.

சட்டம் ஏன் பாத்திரம் வரைக்கும் போனது? காரணம் எளிது. ஊறல் போட ஃபேக்டரி தேவையில்லை. பானை, வெல்லம், பட்டை, நாலு நாள் போதும். கடையை மட்டும் மூடினால், கடை வீட்டுக்குள் வந்துவிடும். பனை மரத்திலும் இதே கதைதான். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாமல் விட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகிவிடும். வித்தியாசம் மரத்தில் இல்லை, பானையில் இருக்கு.

இத்தனைக்கும் ராஜாஜி விஞ்ஞானம் தெரியாத ஆள் கிடையாது. தமிழில் வேதியியல் சொல்லித்தர திண்ணை ரசாயனம் என்று புத்தகமே எழுதியவர்.

வருமானம் போச்சு. அப்புறம்?

கள், சாராய வருமானம் அன்றைய மாகாண பட்ஜெட்டில் பெரிய பங்கு. அது போனால் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் பணம் எங்கே? ராஜாஜி கண்டுபிடித்த வழி விற்பனை வரி. 1939-ல் மெட்ராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருளுக்கும் பொதுவாக இப்படி ஒரு வரி இந்தியாவில் அதுதான் முதல்முறை. வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள்.

தோல் வியாபாரத்துக்கு இந்த வரியில் தனி விதிகளே வந்தன. அதைப் பற்றிய ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1962-ல் தீர்ப்பானது. வெளி மாநிலத்தில் பதனிட்டுக் கொண்டுவந்த தோலுக்கு ஒரு கணக்கு, இங்கேயே பதனிட்ட தோலுக்கு ஒரு கணக்கு என்று வரி போடுவது செல்லாது என்றது நீதிமன்றம். இன்று நீங்கள் வாங்கும் ஷூவின் பில்லில் இருக்கும் ஜிஎஸ்டியின் கொள்ளுத்தாத்தா, மதுவிலக்குக்காகப் பிறந்த வரிதான்.

வட ஆற்காட்டுக்குக் கடைசி மாதம்

1938-ல் சித்தூர், கடப்பா மாவட்டங்களுக்கும் மதுவிலக்கு போனது. 1939 அக்டோபர் 1-ம் தேதி வட ஆற்காடு. அதாவது இன்றைய வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் சேர்ந்த பகுதி. அந்த மாதம் முடிவதற்குள், இந்தியாவைக் கேட்காமல் உலகப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. ராஜாஜியும் போனார். போர் முடிவதற்குள் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மீண்டும் வந்தது. அந்த நேரத்தில் ராஜாஜி டெல்லியில், நாட்டின் கவர்னர் ஜெனரல்.

எல்லாம் சரியாகச் செய்தாரா?

இல்லை. முதல் ஆட்சியில் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கி, பெரிய போராட்டத்தைச் சந்தித்தார். 1952-ல் மீண்டும் முதல்வராகி, 1953-ல் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் வகுப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார். குலக்கல்வித் திட்டம் என்று பெயர் விழுந்தது. நம்ம ஊர் கணக்கில் சொன்னால், தோல் ஷெட்டில் நிற்பவரின் பிள்ளை மத்தியானமே அதே ஷெட்டுக்குப் போக வேண்டும். எதிர்ப்பு வெடித்தது. 1954-ல் பதவி விலகினார், காமராஜர் வந்து திட்டத்தை ரத்து செய்தார்.

மதுவிலக்கையும் குலக்கல்வியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இரண்டிலுமே ஏழைக் குடும்பத்துக்கு எது நல்லது என்பதை மேலே இருக்கும் ஒருவர் முடிவு செய்தார். ஒன்றில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. ஆனால் கள் இறக்கியவர்களின் தொழில் போனது. இன்னொன்றில் பிள்ளைகளின் பாதை அடைபட இருந்தது. எண்ணம் நல்லதா என்பது ஒரு கேள்வி. யாரைக் கேட்டு முடிவு செய்தார் என்பது இன்னொரு கேள்வி.

1971: மழையில் ஒரு நடை

1971-ல் கருணாநிதி அரசு, நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி மதுவிலக்கைத் தள்ளி வைக்க முடிவு செய்தது. 92 வயது ராஜாஜி, கொட்டும் மழையில் முதல்வரின் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலன் இல்லை. ஆகஸ்ட் 30-ல் கடைகள் திறந்தன. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தார். அதன் பிறகு மதுவிலக்கு ஒருமுறை திரும்பி வந்தது, மறுபடி போனது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் டாஸ்மாக் உருவானது. 2003-ல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

ஆனால் சட்டம் போகவில்லை. டாஸ்மாக் கடைகளுக்கான 2003 விதிகளே இதே மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டவைதான். பூட்டு அப்படியே இருக்கு. சாவி மட்டும் அரசிடம்.

சரி, கிட் வாங்கலாமா?

வேண்டாம். பிரிட்டன் 1963-லும் அமெரிக்க மத்திய அரசு 1978-லும் சொந்த உபயோகத்துக்கான பீருக்கு வழிவிட்டன. தமிழ்நாடு விடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அதன் பிறகு இந்தச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாகின. மாவுச்சத்தைப் புளிக்கவைக்கும் பீரில் அந்த அளவு மெத்தனால் உருவாகாது என்பது உண்மை. ஆனால் பிரிவு 4 அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

இது நியாயமா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு பக்கம், அரசு கடையில் வாங்கிக் குடிக்கலாம், அஞ்சு லிட்டர் நானே செய்தால் குற்றம் என்பது விசித்திரம். இன்னொரு பக்கம், வாளிக்கு விலக்கு கொடுத்தால் மலையில் இருக்கும் பேரலுக்கும் அதே விலக்கைக் கேட்பார்கள். ஹைட்ரோமீட்டர் வாங்க முடிந்தவருக்கு ஒரு சட்டம், வெல்லமும் பட்டையும் வாங்குபவருக்கு ஒரு சட்டம் என்று எழுத முடியுமா? விலக்கு கேட்கும் நாம்தான் முதலில் இதற்குப் பதில் யோசிக்க வேண்டும்.

அதுவரைக்கும் அந்தக் கார்ட்டைக் காலி செய்துவிடுங்கள். தெர்மாமீட்டரை மட்டும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். தயிர் உறைய வைக்க உதவும்.