மருந்தால் இசை வளர்த்த மாமேதை
(பத்தாம் வகுப்பு மாணவி, ஏரல்)

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. இரண்டு துறைகளில் ஒருங்கே ஆசை வைப்பவர் எதிலும் கரை சேரமாட்டார் என்பது அதன் கருத்து. பத்தாம் வகுப்பு முடிந்து எந்தப் பிரிவில் சேருவது என்ற பேச்சு வரும்போது, டாக்டருக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு இனிப் பாட்டு வகுப்பு எதற்கு என்ற கேள்வியும் பல வீடுகளில் எழுகின்றது. அன்புத் தோழியரே! மருத்துவம், இசை ஆகிய இரண்டையும் தம் இரு கண்களாகப் போற்றி, இரண்டிலும் புகழ் பெற்ற பெரியார் ஒருவர் நம் நெல்லைச் சீமையிலேயே பிறந்தார். அவரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர்.

பண்டிதர் 1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் சாம்பவர் வடகரை என்னும் ஊரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் தென்காசி மாவட்டத்திலும், நம் ஏரல் தூத்துக்குடி மாவட்டத்திலும் இருக்கின்றன. ஆயின் அக்காலத்தில் இரண்டுமே திருநெல்வேலி மாவட்டத்து ஊர்கள்தாம். எனவே அவரை நம் ஊர்ப்பக்கத்துக்காரர் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

இளமையில் அவர் திண்டுக்கல்லுக்குச் சென்று ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். அவ்வூரில் சடையாண்டிப் பத்தர் என்பவரிடம் முறையாக இசை கற்றார். அதே காலத்தில் சித்த மருத்துவத்திலும் அவருக்கு நாட்டம் உண்டாயிற்று. மூலிகை தேடிச் சுருளிமலைக்குச் சென்றவர், கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு அவரைத் தம் மருத்துவக் குருவாகக் கொண்டார். பள்ளி வேலை, பாட்டு, மருந்து என்று மூன்றும் இவ்வாறு அந்த இளைஞரிடம் ஒருங்கே வந்து சேர்ந்தன.

திருமணத்திற்குப் பின் பண்டிதரும் அவர் மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து, பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியர்களாகப் பணிபுரிந்தனர். ஓய்வு நேரத்தில் பண்டிதர் மருந்து செய்து நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார். நாளடைவில் நோயாளிகள் பெருகவே, 1890ஆம் ஆண்டில் ஆசிரியப் பணியை விட்டு முழுநேர மருத்துவரானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்று.

தஞ்சைக்கு வெளியே பரந்த நிலத்தை வாங்கி மூலிகைத் தோட்டம் அமைத்தார். குருவின் நினைவாகவே அதற்குப் பெயரிட்டார். மக்களோ அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தனர். அங்கே மூலிகைகளோடு கரும்பும் பயிரிட்டார். அவர் தயாரித்த கோரோசனை மாத்திரைகள் தமிழ்நாட்டில் மட்டுமன்றி இலங்கை, பர்மா முதலிய நாடுகளிலும் விலைபோயின. 1909ஆம் ஆண்டில் ஆங்கில அரசு அவருக்கு ராவ் சாகிப் என்னும் பட்டம் அளித்தது.

இவ்வளவு செல்வம் வந்தபின் இசையை அவர் மறந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவரோ மறக்கவில்லை. மருத்துவத்தில் ஈட்டிய பொருளை இசைக்கே செலவிட்டார். 1912ஆம் ஆண்டில் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அமைப்பைத் தொடங்கினார். பல ஊர்களிலிருந்தும் வித்துவான்களை வரவழைத்துத் தம் சொந்தச் செலவில் இசை மாநாடுகளை நடத்தினார். இசை பயில்வோருக்காகத் தமிழிலேயே 96 பாடல்களையும் இயற்றினார்.

அவரை வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. கீழ் ஸட்ஜத்திற்கும் மேல் ஸட்ஜத்திற்கும் இடையே எத்தனை சுருதிகள் என்பதே அக்கேள்வி. இருபத்திரண்டு என்று வடமொழி இசை நூல்களை ஒட்டிப் பலரும் கூறிவந்தனர். பண்டிதரோ சிலப்பதிகாரத்தில் வரும் இசைக் குறிப்புகளை ஆராய்ந்தும் கணக்கிட்டும் பார்த்து, அவை சம அளவுள்ள இருபத்து நான்கு என்று வாதிட்டார். மருந்துச் சரக்கை நிறுத்துப் பார்த்துப் பழகிய கை, சுரங்களையும் அளந்து பார்க்க விரும்பியதில் வியப்பில்லை அல்லவா?

1916ஆம் ஆண்டில் பரோடாவில் அகில இந்திய இசை மாநாடு கூடியது. அங்கே பண்டிதர் தம் கொள்கையை எடுத்துரைக்க, அவருடைய புதல்வியர் மரகதவல்லியும் கனகவல்லியும் அதை இசைத்துக் காட்டினர். பெண்கள் அவைக்கு வருவதே அரிதாயிருந்த அக்காலத்தில், தமிழ்ப் பெண்கள் இருவர் நாட்டின் பேரறிஞர்கள் முன் இசையால் விளக்கம் தந்தனர் என்பதைப் படிக்கும்போது நமக்கும் பெருமை உண்டாகின்றதன்றோ! பண்டிதரின் முடிவை அறிஞர் எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் அவர் சோர்வடையாமல் தம் ஆராய்ச்சியைக் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலாக்கி, 1917ஆம் ஆண்டில் தமது சொந்த அச்சகத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களையுடைய அந்நூல் இன்றும் தமிழிசை ஆய்வாளர்களுக்குக் கைவிளக்காக இருக்கின்றது. நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1919 ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் இவ்வுலகை விட்டு மறைந்தார்.

பண்டிதர் வாழ்ந்த அதே நாளில் ஐரோப்பாவிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். ஆல்பர்ட் சுவைட்சர் என்பவர் ஆர்கன் வாசிப்பதில் வல்லவர். முப்பதாம் வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கி, 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனே என்னும் ஊருக்குச் சென்று மருத்துவமனை அமைத்தார். பின்னர் அதற்குப் பொருள் திரட்ட ஐரோப்பிய நகரங்களில் ஆர்கன் வாசித்தார். பண்டிதருக்கு மருத்துவம் இசையைக் காத்தது. சுவைட்சருக்கு இசை மருத்துவத்தைக் காத்தது.

இவர்களுடைய வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? நாளையும் பொழுதையும் பாதி பாதியாகப் பங்கிட்டு இருவரும் வாழவில்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய பருவத்தை அறிந்து செயல்பட்டனர். பண்டிதர் இளமையில் இசை கற்றார். நடுவயதில் மருத்துவத்தில் நிலைபெற்றார். ஐம்பதைத் தாண்டியபின் இசைக்குச் சங்கம் கண்டார். இடையில் இசைக்குக் காத்திருப்புதான் இருந்தது, கைவிடல் இல்லை.

இக்காலத்தில் குருவைத் தேடி மலைக்குச் சென்று மருத்துவராகிவிட முடியாது என்பது உண்மையே. நீட் தேர்வில் தேறவேண்டும். பின்னர் நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி. நமக்கு அருகிலுள்ள பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேரவும் நீட் தேர்வு வேண்டும். தேர்வுக் காலத்தில் கச்சேரிக்கும் போட்டிக்கும் ஓட இயலாது. ஆனால் நாளுக்கு அரைமணி நேரம் சுரவரிசை பாடுவதற்கு எந்தத் தேர்வும் தடையாகாது. கற்ற சுரம் நாவில் நிலைத்திருந்தால், அதற்குரிய காலம் வரும்போது அது நம்மை விட்டு அகன்றிராது.

ஆகவே தோழியரே, மருத்துவப் பிரிவில் சேரப்போகும் நாம், ஆர்மோனியப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட வேண்டாம். கைக்கெட்டும் இடத்திலேயே அது இருக்கட்டும்.