கொடியசைவில் மொழி கண்ட அல்பேட் மையர்

கல்லூரியொன்றின் விழா மலரைத் தொகுக்கப் புகுவோர் முதலில் நாடுவது பழைய மாணவர் வீட்டுப் பெட்டகங்களையே. மங்கிய கொப்பிகள், வகுப்புக் கட்டுரைகள், பரிசளிப்பு விழா நிகழ்ச்சி நிரல்கள் ஆகியன அங்கே துயில்கொண்டிருக்கும். அவற்றுட் பலவற்றை எழுதியவர்களே மறந்திருப்பர். ஆயின், மாணவப் பருவத்தில் எழுதிய கட்டுரையொன்றை மறவாது போற்றி, அதனையே தமது வாழ்நாட் பணியாக வளர்த்தெடுத்த ஒருவர் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே அமெரிக்க நாட்டில் வாழ்ந்தார். அந்நாட்டுச் சேனையின் சமிக்ஞைப் படையைத் தோற்றுவித்த அல்பேட் ஜேம்ஸ் மையரே அவர். அவர்தம் வரலாற்றை எமது மாணவர் அறிதல் நன்றெனக் கருதி ஈண்டுச் சுருக்கமாகத் தருகின்றோம்.

மையர் 1828 ஆம் ஆண்டு செப்டம்பர் 20 ஆம் நாள் நியூ யோர்க் மாநிலத்து நியூபேர்க் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, பபலோ நகரில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பின்னாளில் ஹோபாட் கல்லூரி எனப் பெயர் பெற்ற ஜெனீவாக் கல்லூரியிற் கற்று, 1847 இற் பட்டம் பெற்றார். அதன்பின் பபலோ வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். கல்வி பயின்ற அந்நாட்களில் தந்திக் கந்தோரிலும் அவர் தொழில் புரிந்தார். அங்குப் பெயின் என்பார் வகுத்த தந்திக் குறியீட்டிற் பழகிய விரல்கள், அவரது சிந்தனைக்கும் புதுவழி காட்டின.

வைத்தியப் பட்டம் பெறுவதற்கு 1851 இல் அவர் சமர்ப்பித்த கட்டுரை நோயைப் பற்றியதோ மருந்தைப் பற்றியதோ அன்று. செவிப்புலனும் பேச்சும் அற்றோர்க்கு ஒரு புதிய குறிமொழியை அது வகுத்தது. தந்தியின் தட்டொலிகளை எழுத்துக்களாகக் கொள்வது போல, ஒருவர் கையிலோ கன்னத்திலோ விரலால் தட்டிச் சொற்களை உணர்த்தலாம் என்பதே அதன் சாரம். ஒலி புகாத இடத்தும் மொழி புகும் என்ற இந்த எண்ணத்தை அவர் பின்னர் ஒருபொழுதும் கைவிட்டிலர்.

மையர் 1854 இற் சேனையில் உதவிச் சத்திரவைத்தியராகச் சேர்ந்து, தெக்சாசு மாநிலத்தின் எல்லைக் கோட்டைகளுக்கு அனுப்பப்பட்டார். தந்திக் கம்பி எட்டாத பெருவெளிகள் அவை. அடுத்திருப்பாரின் கையில் விரலாற் சொல்லக் கூடியதைத் தொலைவில் நிற்பாரின் கண்ணுக்குக் கொடியாற் சொல்லலாகாதா என அவர் எண்ணினார். ஒற்றைக் கொடியை இடப்புறமும் வலப்புறமும் சாய்த்து எழுத்துக்களை உணர்த்துவதும், முன்புறம் தாழ்த்திச் சொல்லின் முடிவைக் காட்டுவதும் அவர் கண்ட முறை. இரவில் கொடியின் இடத்தைத் தீப்பந்தம் பெறும். அதன் அசைவை அளந்தறியும் பொருட்டு மற்றொரு பந்தம் நிலத்தில் எரியும். சேய்மையில் இருப்போர் தொலைநோக்கியால் அதனைப் படித்தறிவர்.

1856 இல் இம்முறையைச் சேனைத் தலைமைக்கு எழுதினார். மூன்றாண்டுகள் கழிந்த பின்னரே, 1859 இல், றொபேட் லீ தலைமையில் ஆராய்ச்சிக் குழுவொன்று கூடியது. குழு அதனை அரைமனத்தோடு ஏற்றது. தொடர்ந்த பரீட்சைகளில் மையருக்கு உதவியாக அமைந்தவர் எட்வேட் போட்டர் அலெக்சாந்தர் என்னும் இளம் அதிகாரி. பரீட்சைகள் வெற்றி பெறவே, 1860 யூன் மாதம் அமெரிக்கக் காங்கிரசு சமிக்ஞை அதிகாரி என்னும் பதவியை உண்டாக்கி, 2000 டொலரையும் ஒதுக்கியது. வைத்தியர் மையர் மேஜர் மையர் ஆனார்.

மறு ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. அலெக்சாந்தர் தென்னவர் பக்கஞ் சேர்ந்தார். 1861 யூலை 21 ஆம் நாள் புல் றண் போர்க்களத்தில், வடவர் படை பக்கவாட்டில் வளைந்து வருவதைக் கண்டு, தாம் மையரிடம் கற்ற கொடி மொழியாலேயே தம்மவரை எச்சரித்தார். ஆசான் அமைத்த கருவி முதற் பெரும்போரில் ஆசானின் படைக்கு எதிராகவே பயன்பட்டது. மையர் மனந்தளர்ந்திலர்; அதிகாரிகளைத் திரட்டிப் பயிற்றினார். 1863 மார்ச் 3 ஆம் நாட் சட்டத்தால் சமிக்ஞைப் படை தனிப்படையாயிற்று.

எனினும், அவ்வாண்டு நவம்பரிலேயே அவர் பதவி பறிபோயிற்று. போர்க்களத் தந்திகள் யாருடைய ஆட்சியில் இருத்தல் வேண்டும் என்பதில் யுத்த அமைச்சர் ஸ்ரான்ரனுக்கும் அவருக்கும் நேர்ந்த பிணக்கே காரணம். பிறரோடு இணங்கிப் போகாத பிடிவாதம் மையரிடமும் இருந்தது என்பதை மறைத்தல் தகாது. இலினோய் மாநிலத்துக் கெய்ரோவுக்கு அனுப்பப்பட்ட அவர், தம் மனக்கசப்பை நூலாக்க உழைப்பாக மாற்றினார். தாமறிந்த சமிக்ஞைக் கலை முழுவதையும் ஒழுங்குபடுத்தி, 1864 இற் கைந்நூலாக வெளியிட்டார். பதவியைப் பறித்தவர்களால் அவர் எழுத்தைப் பறிக்க இயலவில்லை. அந்நூல் பின்னர் பல பதிப்புக்களைக் கண்டது.

போர் முடிந்தபின், 1866 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அவர் மீண்டும் தலைமைச் சமிக்ஞை அதிகாரியானார். 1870 பெப்ரவரியில் சனாதிபதி கிராண்ட் ஒப்பமிட்ட தீர்மானம் வானிலை அவதானிப்பை அவர் பொறுப்பில் வைத்தது. நவம்பர் முதலாம் நாள் 24 நிலையங்களில் ஒரே வேளையில் எடுக்கப்பட்ட அளவீடுகள் தந்தி மூலம் தலைநகரை அடைந்தன. 1871 முதல் வானியலறிஞர் கிளீவ்லண்ட் அபேயின் துணையுடன் முன்னறிவிப்புக்கள் நாள்தோறும் வெளிவந்தன. படைக்கென எழுந்த கலை, கலஞ் செலுத்துவோர்க்கும் உழவர்க்கும் காப்பாயிற்று. 1873 இல் வியன்னாவிற் கூடிய சர்வதேச மாநாட்டில், நாடுகள் யாவும் ஒரே வேளையில் வானிலையை அளத்தல் வேண்டும் என மையர் வற்புறுத்தினார்.

1880 யூன் மாதம் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தப்பட்ட அவர், ஆகஸ்ட் 24 ஆம் நாள் பபலோவில் காலமானார். அடுத்த ஆண்டு, சமிக்ஞைப் பயிற்சி நடைபெற்ற விப்பிள் கோட்டை அவர் நினைவாக மையர் கோட்டை எனப் பெயர் பெற்றது. வானிலைப் பணி 1891 இற் சேனையினின்று பிரிந்து, குடியியல் திணைக்களமாயிற்று.

இன்று கொடி மொழி வழக்கொழிந்தது. ஆயினும், இருபத்திரண்டு வயது மாணவர் ஒருவர் கேளாதார் பொருட்டு எழுதிய கட்டுரையினின்றே இத்தனையும் கிளைத்தன என்பதை நாம் மறத்தலாகாது. ஆசிரியர்கள் அத்தகைய கட்டுரை கைக்கு வரும்போது, பாடத்துக்குப் புறம்பானதென அதனை ஒதுக்காதிருப்பார்களாக. மாணவர்கள் தம் கொப்பிகளைப் பரீட்சை முடிந்ததும் எறிந்துவிடாதிருப்பார்களாக. பழைய மாணவராகிய நாமும் எமது பழம் பெட்டகங்களை மீண்டுமொருமுறை திறந்து பார்ப்போமாக.