பயத்துக்கு விதி எழுதியவர்

மேசையைச் சுற்றி அமர்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடும் கதை விளையாட்டுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். நண்பர்களுக்காக ஆட்டத்தை நடத்தும் பொறுப்பு பெரும்பாலும் என்னுடையதுதான். ஹாலோவீன் நெருங்கும்போது நாங்கள் எடுப்பது ‘ரேவன்லாஃப்ட்’. டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் என்ற அமெரிக்கத் தம்பதியர் ஆண்டுதோறும் ஹாலோவீன் சமயத்தில் ஆடிப் பார்த்து மெருகேற்றிய திகில் சாகசம் அது. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டுக்காக 1983இல் வெளிவந்தது. மூடுபனி சூழ்ந்த ஒரு கோட்டை, அதற்குள் ஸ்ட்ராட் என்ற இரத்தக் காட்டேரிப் பிரபு. அவனை வெல்வதே ஆட்டம்.

ஸ்ட்ராட்டின் மூதாதையைத் தேடினால், ‘டிராகுலா’ நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரிடம் போய்ச் சேருவோம்.

ஸ்டோக்கர் 1847 நவம்பர் 8ஆம் தேதி அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு அருகே பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். இன்னதென்று தெரியாத நோயால் ஏறக்குறைய ஏழு வயது வரை படுக்கையிலேயே கிடந்தார். தாயார் சார்லட் சிறுமியாக இருந்தபோது, 1832இல், ஸ்லைகோ நகரைக் காலரா சூறையாடியது. தாம் கண்ட அந்தக் கொடுமைகளை மகனுக்குக் கதையாகச் சொன்னார்.

எழுந்து நடக்க முடியாத அந்தச் சிறுவன், பின்னாளில் டிரினிட்டி கல்லூரியில் விளையாட்டு வீரராகப் பெயர் எடுத்தார். அரசாங்க வேலையும் பார்த்தார். கீழ்நிலை நீதிமன்ற எழுத்தர்களின் கடமைகளை விளக்கி அவர் எழுதிய கையேடு 1879இல் நூலாக வந்தது. வேலை நேரம் போக, ஊதியம் வாங்காமலே நாளிதழில் நாடக விமர்சனமும் எழுதினார். அந்த விமர்சனங்களால் புகழ்பெற்ற நடிகர் ஹென்றி இர்விங்கின் நட்பு கிடைத்தது. 1878இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்து, இர்விங்கின் லைசியம் அரங்குக்கு மேலாளரானார். கணக்கு, கடிதம், வெளிநாட்டுப் பயண ஏற்பாடு என்று ஓயாத வேலை. எழுதக் கிடைத்தது மிஞ்சிய நேரம் மட்டுமே.

1890 கோடையில் விட்பி என்ற கடலோர ஊருக்கு விடுமுறைக்குப் போனார். அங்குள்ள நூலகத்தில் படித்த ஒரு வரலாற்று நூலில் டிராகுலா என்ற பெயர் கண்ணில் பட்டது. கல்லறைக் கற்களில் இருந்த பெயர்களையும், அக்கரையில் நொறுங்கிய ஒரு ரஷ்யக் கப்பலின் விவரத்தையும் குறித்துக்கொண்டார். ரயில் நேரங்களைக்கூட விடவில்லை. கதை தொடங்கும் டிரான்சில்வேனியாவுக்கு அவர் ஒருமுறைகூடப் போனதில்லை. அந்த மலைநாட்டைப் புத்தகங்களிலிருந்தே கட்டி எழுப்பினார். 1897இல் நாவல் வெளிவந்தது.

ஆட்டம் நடத்துபவன் என்ற முறையில் என்னை வியக்க வைப்பது அவர் வகுத்த விதிகள். டிராகுலாவின் உருவம் கண்ணாடியில் தெரியாது. வீட்டார் அழைக்காமல் அவன் முதன்முறை உள்ளே நுழைய முடியாது. சொந்த மண்ணில்தான் அவனுக்கு ஓய்வு. பழைய நம்பிக்கைகள் பலவற்றைத் திரட்டி, ஒரு கையேட்டின் ஒழுங்கோடு அவர் அடுக்கி வைத்தார். எதையும் செய்யக்கூடிய பேயிடம் மனிதனுக்கு வேலை இல்லை, ஓடத்தான் வேண்டும். எல்லைகள் உள்ள பேய் என்றால் யோசிக்கலாம், திட்டமிடலாம், நண்பர்களோடு கூடி எதிர்க்கலாம். நாவலில் ஒரு சிறு குழு அதைத்தான் செய்கிறது. மேசையைச் சுற்றி நாங்கள் செய்வதும் அதுவே.

நாவல் அவரைச் செல்வந்தராக்கவில்லை. 1905இல் இர்விங் இறந்த பிறகு நோயும் பணமுடையும் சேர்ந்து வாட்டின. 1912 ஏப்ரல் 20ஆம் தேதி, 64 வயதில் லண்டனில் காலமானார். டிராகுலா உலகப் புகழ் பெற்றதை அவர் பார்க்கவில்லை. அவருடைய குறிப்புகள் மறு ஆண்டே ஏலத்தில் விற்கப்பட்டன. இன்று அவை அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

கற்பனை வளம் இருந்தால்தான் கதை எழுத முடியும் என்று தயங்கும் மாணவ நண்பர்களே, அந்தக் குறிப்புகளை நினைத்துப் பாருங்கள். உலகையே நடுங்க வைத்த கதைக்கு ரயில் நேரங்களும் கல்லறைப் பெயர்களும் தேவைப்பட்டன. அவற்றைச் சேர்க்க அவருக்கு ஒரு நூலகமும் ஏழு ஆண்டுப் பொறுமையும் வேண்டியிருந்தன.