செடியை எடையிட்ட அறிஞர்

செடிக்கு நாள்தோறும் நீர் ஊற்றுகின்றோம். வேர் உறிஞ்சிய அந்நீர் பின்னர் என்னவாகின்றது? இவ்வினாவிற்கு அளவையின் துணைகொண்டு விடை கண்டவருள் தலைசிறந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஆவார்.

இவர் 1677ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் கல்வி பயின்றார். 1709இல் தேம்சு ஆற்றங்கரையிலுள்ள டெடிங்டன் என்னும் சிற்றூரில் சமயகுருவாக அமர்ந்தார். தேவாலயப் பணி போக எஞ்சிய பொழுதெல்லாம் ஆராய்ச்சியில் ஈடுபட்டார்.

உடலில் குருதி சுற்றியோடுவதை வில்லியம் ஹார்வி 1628இல் உலகிற்கு விளக்கியிருந்தார். அதனால், செடிகளிலும் சாறு அவ்வாறே சுற்றி வருகின்றது என அறிஞர் பலர் எண்ணினர். ஹேல்ஸோ ஊகத்தை நம்பவில்லை, துலாக்கோலை நம்பினார்.

1724ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடி ஒன்றைத் தொட்டியோடு எடுத்துக்கொண்டார். மண்ணின் ஈரம் ஆவியாகிப் போகாவண்ணம் தொட்டியின் வாயை ஈயத்தகட்டால் மூடினார். நீர் ஊற்றவும் காற்றுப் புகவும் சிறு குழாய்களை மட்டும் பொருத்தினார். பதினைந்து நாள் காலையிலும் மாலையிலும் அதனை நிறுத்துப் பார்த்தார். பகல் 12 மணி நேரத்தில் சராசரி 20 அவுன்சு நீர் வெளியேறிற்று. வெப்பமும் வறட்சியும் மிக்க ஒரு நாளில் அது 30 அவுன்சாக உயர்ந்தது. பனியில்லாத வெம்மையான இரவில் ஏறத்தாழ 3 அவுன்சே குறைந்தது. சிறிது பனி பெய்த இரவிலோ குறைவே இல்லை.

அத்துடன் அவர் அமைந்தாரல்லர். தொட்டியின் சுவர் வழியேயும் நீர் கசியுமன்றோ? செடியை அடியோடு வெட்டிவிட்டு, தொட்டியை மட்டும் நிறுத்து, அக்கசிவைக் கணக்கிற் கழித்தார். இலைகளின் பரப்பையும் அளந்து, அது 39 சதுர அடி எனக் கண்டார்.

பின்னர், இலையுள்ள கிளைகளையும் இலை நீக்கிய கிளைகளையும் நீரில் நிறுத்தி ஒப்பிட்டார். முன்னவை பகற்பொழுதில் 15 முதல் 30 அவுன்சு வரை நீரை ஈர்த்தன. பின்னவை ஏறத்தாழ ஓர் அவுன்சே ஈர்த்தன. நீரை மேலே ஈர்ப்பதில் இலைகளுக்குப் பெரும் பங்குண்டு என்பது புலனாயிற்று. நீர் குருதிபோற் சுற்றி வருவதன்று. வேரிற் புகுந்து, தண்டில் ஏறி, பெரும்பகுதி இலை வழியே வெளியேறுகின்றது என அவர் துணிந்தார். 1727இல் இம்முடிவுகளை நூலாக வெளியிட்டார்.

இந்நிகழ்ச்சியை இன்று நாம் நீராவிப்போக்கு என்கின்றோம். இலையிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே நீராவி வெளியேற, அதனால் உண்டாகும் இழுவிசை கீழுள்ள நீரை மேலே ஈர்க்கின்றது. ஓங்கி வளர்ந்த மரத்தின் உச்சிக்கும் நீர் எட்டுவது இதனாலேயே.

கப்பல்களிலும் சிறைகளிலும் அடைபட்டோர் தூய காற்றுப் பெறும் பொருட்டுக் காற்றோட்டக் கருவிகளையும் ஹேல்ஸ் அமைத்தார். 1761இல் டெடிங்டனிலேயே இயற்கை எய்திய அவர், தாம் பணிபுரிந்த தேவாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஒரு தொட்டியும் துலாக்கோலும் அவருக்குக் கருவிகளாக அமைந்தன. தம் கணக்கிலுள்ள பிழையைத் தாமே தேடிக் களையும் நேர்மையே அவற்றிற்குப் பயன் தந்தது. அந்நேர்மையை நாமும் போற்றுவோமாக.