செவிலியரை உருவாக்கிய ஐடா அம்மையார்

நம் திருவண்ணாமலைக்குக் கிழக்கே திண்டிவனம், வடக்கே வேலூர். திண்டிவனத்தில் ஓரிரவு கண்ட துயரமே ஐடா ஸ்கடர் அம்மையாரை வேலூருக்குக் கொண்டு சேர்த்தது.

ஐடா 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மறைப்பணி மருத்துவர் குடும்பத்தில் தோன்றியும், மருத்துவத்தில் அவருக்கு நாட்டமில்லை. நோயுற்ற தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையிலிருந்த தம் இளம் மனைவியரைக் காக்கும்படி வேண்டினர். ஐடாவோ மருத்துவம் பயிலாதவர். அவர் தந்தை மருத்துவர்தாம். ஆனால் ஆடவர் ஒருவர் தம் வீட்டுப் பெண்ணைப் பார்க்க அவர்கள் இசையவில்லை. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அன்றே ஐடாவின் மனம் மாறியது. அமெரிக்காவின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. தாம் ஒருவராக எத்தனை கட்டிலருகே நிற்க முடியும்? எனவே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியையும், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். செவிலியர் கல்வி அங்கு 1946இல் பட்டப்படிப்பாக உயர்ந்தது. அம்மையார் 1960 மே 24இல் கொடைக்கானலில் மறைந்தார்.

பயிற்சி பெற்றவர் யார் என்பதை நோயாளி அறிவது எப்படி? அதற்காகவே சென்னை மாகாணத்தில் 1926இல் செவிலியர் பதிவுச் சட்டம் வந்தது. அன்று தாளில் எழுதிய பதிவேடு இன்று கணினியில் உள்ளது. இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசியப் பதிவேட்டில் செவிலியருக்குத் தனி எண் உண்டு. யார் எந்தத் திறனைக் கற்றார், யாருக்கு மறுபயிற்சி தேவை என்பதையும் மருத்துவமனைகள் கணினியில் குறித்து வைக்கின்றன. இது வெறும் கணக்கன்று. பழகாத கை ஊசி ஏந்தாமலிருக்க இது ஒரு காவல். எனினும் கணினி குறித்து வைக்குமேயன்றி, கைக்குப் பழக்கம் தராது. அதைக் கட்டிலருகே நின்றுதான் பெற வேண்டும்.

மாணவ மணிகளே! அன்றிரவு ஐடாவிடம் இரக்கம் இருந்தது, பயிற்சி இல்லை. நாமோ இரண்டையும் தேடிக்கொள்வோம். நம்மை நாடி வருபவர் வெறுங்கையோடு திரும்பாதிருக்கட்டும்.