தொழில் என்னவென்று கேட்ட மருத்துவர்

2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அதே ஆண்டு மே 7 அன்றும் அங்கு ஒரு கொதிகலன் விபத்து நேர்ந்திருந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்படப் பலர் உயிரிழந்தார்கள், இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. வெடிப்புக்கு நாளும் நேரமும் சாட்சிகளும் உண்டு. ஆண்டுக்கணக்கில் மூச்சோடு உள்ளே செல்லும் தூசிக்கு இவற்றில் எதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை எண்ணும்போதெல்லாம் எனக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமட்சினி நினைவுக்கு வருகிறார்.

1633இல் கார்ப்பி என்னும் சிற்றூரில் பிறந்த ராமட்சினி, பார்மாவில் மருத்துவம் பயின்று 1659இல் பட்டம் பெற்றார். பின்னர் மொதேனா நகரில் குடியேறி, 1682இல் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நிலத்தடி நீரிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது. மொதேனாவில் தானே பீறிட்டெழும் ஊற்றுக் கிணறுகளைப் பற்றி 1691இல் ஒரு நூலே எழுதினார். பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இடைவிடாது இறைத்தாக வேண்டிய நெய்வேலியை அவர் கண்டிருந்தால் எளிதில் அகன்றிருக்க மாட்டார்.

அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு மலக்குழி. வீட்டுக் குழியைச் சுத்தம் செய்தவர் பதற்றத்தோடு வேலையை விரைந்து முடிக்க முயல்வதைக் கண்டு காரணம் கேட்டார். குழிக்குள் நெடுநேரம் இருந்தால் பார்வை போய்விடும் என்பதை அந்தத் தொழிலாளியிடமிருந்தே அறிந்தார். நகரில் பார்வையிழந்து பிச்சையெடுத்தவர்களில் சிலர் ஒருகாலத்தில் இதே வேலையைச் செய்தவர்கள் என்பதையும் கவனித்தார். அதன்பின் அவர் பட்டறைகளுக்குள் இறங்கினார். குயவரின் கைநடுக்கத்துக்கு ஈயத்தையும், கண்ணாடிக்கு ரசம் பூசுவோரின் நோய்க்குப் பாதரசத்தையும், கல் செதுக்குவோரின் மூச்சிரைப்புக்குக் கல்தூளையும் காரணமாகக் குறித்தார். 1700இல் வெளிவந்த நூலில் நாற்பதுக்கும் மேற்பட்ட தொழில்களின் நோய்களைத் தொகுத்தார். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என ஹிப்போகிரடீஸ் வகுத்த கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்தார்: அவருடைய தொழில் என்ன என்பது. அதே ஆண்டு பதுவாவுக்குப் பேராசிரியராகச் சென்றார். முதுமையில் பார்வை மங்கியபோதும் நூலை விரித்து 1713இல் மறுபதிப்புக் கண்டார். 1714 நவம்பர் 5 அன்று காலமானார்.

அந்நூலில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது ஒரு வழக்கு. ஃபினாலே என்ற ஊரில் பாதரச உப்பு தயாரித்த ஆலையின் புகை அக்கம்பக்கத்தாரைக் கொல்கிறது என்று ஒரு குடிமகன் நீதிமன்றம் சென்றார். அவ்வூர் மருத்துவர் சான்றளித்தார். தேவாலயத்தின் இறப்புப் பதிவேடும் காட்டப்பட்டது; ஆலையை ஒட்டிய பகுதியில் இறப்புகள் அதிகம். ஆனாலும் ஆலை உரிமையாளரே வென்றார். மருத்துவரும் பதிவேடும் கைவசம் இருந்தே இந்தக் கதி.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் கிடப்பது கடலூர் மணற்கல். அதை அகழும்போது எழும் தூசியில் சிலிக்கா உண்டு. நுரையீரலில் அது தழும்பேற்றப் பல ஆண்டுகள் ஆகலாம். வேலையை விட்ட பிறகும் நோய் வெளிப்படலாம். இருமலோடு வருபவரிடம் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்கிறோம், காசநோய்க்குச் சளியைச் சோதிக்கிறோம். எந்தச் சுரங்கத்தில், எந்தப் பணியில், எத்தனை ஆண்டுகள் என்று கேட்பது அரிது.

சட்டம் இந்நோயை அறியாததல்ல. 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், அதை உள்வாங்கிய 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் தொழில்நோய்களைப் பட்டியலிடுகின்றன. சிலிக்கோசிஸ் அதில் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளி முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கோரவும் வழியுண்டு. ஆனால், இந்நோய்களுக்குத் தொடர்ச்சியான பணிக்காலத்தை அச்சட்டம் எதிர்பார்க்கிறது. இடம் ஒன்றே, வேலை ஒன்றே. ஒப்பந்தக்காரர் மட்டும் மாறிக்கொண்டிருந்தால் அந்தத் தொடர்ச்சியைக் காகிதத்தில் நிறுவுவது எப்படி? தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948இல் வந்தபோதே சுரங்கங்களைத் தன் வரம்புக்கு வெளியே நிறுத்திவிட்டது என்பதையும் இங்கே சேர்த்தே பார்க்க வேண்டும்.

1955ஆம் ஆண்டின் சுரங்க விதிகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனையை வகுத்தன. பரிசோதனை நடந்தால் மட்டும் போதாது. மார்பு எக்ஸ்ரேவும் நுரையீரல் சோதனை முடிவும் தொழிலாளியின் கையில் தரப்பட வேண்டும். அவர் வேலை செய்த இடத்தின் தூசி அளவீடும் அதில் பதிவாக வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் அந்தக் கோப்பு அதே பெயரில், அதே எண்ணில் தொடர வேண்டும். ஓய்வுபெற்றோருக்கும் விலக்கப்பட்டோருக்கும் பரிசோதனை நீள வேண்டும். பெரும் பொதுத்துறைச் சுரங்கங்கள் உள்ள ஊரில் இவற்றுக்குப் பணமோ மருத்துவரோ குறைவு என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.