சபாஷ் மீனா போட்டா பின் ஸ்பீக்கர் ஏன் பேசலை? தூத்துக்குடி சந்திரபாபுவும் உங்க வீட்டு 5.1-உம்

புது ஸ்மார்ட் டிவி, கூடவே 5.1 ஹோம் தியேட்டர். ஆசையா ஒரு பழைய சந்திரபாபு படத்தைப் போட்டா, பின்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரும் வாயே திறக்கலை. வயர் போச்சா, டிவி கோளாறா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன்னாடி, அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரின் கதையைத் தெரிஞ்சுக்கணும். பாதி பதில் அதிலேயே இருக்கு.

யார் இந்த சந்திரபாபு?

1927 ஆகஸ்டில் தூத்துக்குடியில், முத்துக்குளித்துறையின் பரதவர் குடும்பத்தில் பிறந்தவர். முழுப்பெயர் ஜோசப் பனிமயதாஸ் சந்திரபாபு. பனிமயதாஸ் என்றால் பனிமய மாதாவின் அடியவர் என்று பொருள். அந்தக் கடற்கரை மக்களின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் மாதா அவர்.

தந்தை ஜோசப் பிச்சை ரோட்ரிக்ஸ் சுதந்திரப் போராட்ட வீரர், பத்திரிகையாளர். போராட்டத்தால் குடும்பம் இலங்கைக்குப் போக வேண்டி வந்தது. கொழும்பில்தான் சந்திரபாபு படித்தார். மேற்கத்திய இசையும் நடனமும் அவருக்குள் ஊறியிருந்தன. 1943-ல் குடும்பம் சென்னைக்கு வந்தது.

வாய்ப்பு லேசில் கிடைத்ததா?

இல்லை. 1947-ல் தன அமராவதி படத்தில் தலைகாட்டினார். அதன்பிறகும் ஸ்டூடியோ வாசல்களில் அலைச்சல்தான். 1952-ல் மனம் உடைந்து உயிரை விடத் துணிந்து, காப்பாற்றப்பட்டு, கோர்ட் வரை போனார். அதே ஆண்டு மூன்று பிள்ளைகள் படத்தில் வாய்ப்பு வந்தது.

பிறகு ஏறுமுகம். தன் பாட்டைத் தானே பாடினார். குரலைச் சட்டென்று உடைத்து மேலே தூக்கும் யோடலிங் பாணியைத் தமிழ் ரசிகர்களிடம் கொண்டு சேர்த்தார். மணமகன் தேவை, புதையல், மரகதம், குமார ராஜா, அன்னை படப் பாடல்கள் இன்றைக்கும் டீக்கடையில் கேட்கும். 1958-ல் வந்த சபாஷ் மீனாவில் சிவாஜியுடன் இரட்டை வேடம். கடற்கரைத் தமிழில் பிறந்தவர், அதில் ரிக்‌ஷாக்காரராக மெட்ராஸ் பாஷையில் வெளுத்து வாங்கினார்.

அந்தக் குரல் எப்படிப் பதிவானது?

இங்கேதான் விஷயம். அந்தக் காலத் தமிழ்ப் படங்களின் ஒலி மோனோ. பாட்டு, வசனம், வாத்தியம் எல்லாம் ஒரே தடத்தில் கலந்து, பிலிமின் ஓரத்தில் ஒற்றைக் கோடாக இருக்கும். இடது, வலது, பின்பக்கம் என்ற பிரிவே கிடையாது. தமிழின் முதல் 70 எம்.எம். படமான மாவீரன், ஸ்டீரியோ ஒலியோடு வந்தது 1986-ல்தான். அதற்கு 12 ஆண்டுகள் முன்பே சந்திரபாபு போய்விட்டார்.

அதனால் அவர் படத்தில் பின் ஸ்பீக்கர் சும்மா இருந்தால் அது பழுதே இல்லை. சில செட்டில் நடு ஸ்பீக்கர் மட்டும், சில செட்டில் முன்னால் உள்ள இரண்டு மட்டும் பேசும். எல்லாவற்றிலும் கேட்டே ஆகணும்னா, ஆம்ப்ளிஃபயரில் ஆல் சேனல் ஸ்டீரியோ மோடைப் போடலாம். ஆனால் அது ஒரே ஒலியின் நகல்தான்.

புதுப் படத்திலும் வரலையா?

அப்படின்னா இந்த வரிசையில் பாருங்க.

1. படத்தின் விவரத்தில் 5.1 அல்லது டால்பி குறி இருக்கா? ஆடியோ மெனுவில் மொழியை மாற்றிப் பாருங்க. ஒரு மொழிக்கு 5.1 இருக்கும், டப்பிங்கிற்கு ஸ்டீரியோ மட்டும் இருக்கலாம். சில ஆப்களில் சந்தா திட்டத்தைப் பொறுத்தும் மாறும்.

2. டிவி சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் பிசிஎம் என்றிருந்தால், பல டிவிகளில் ரெண்டு சேனல்தான் வெளியே போகும். ஆட்டோ அல்லது பாஸ்த்ரூ என்று மாற்றணும்.

3. எச்டிஎம்ஐ கேபிள், ஏஆர்சி அல்லது இஏஆர்சி என்று எழுதிய போர்ட்டில்தான் இருக்கணும், ரெண்டு பக்கமும். ஆப்டிகல் கேபிளில் சாதாரண டால்பி டிஜிட்டல் போகும், டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது.

4. ஆம்ப்ளிஃபயரின் டெஸ்ட் டோனைப் போடுங்க. அதில் பின் ஸ்பீக்கர் பேசினால் வயர் நல்லாத்தான் இருக்கு. பேசலைன்னா மட்டும் வயரைப் பாருங்க.

கடைசி நாட்கள்

1960-ல் கவலை இல்லாத மனிதன் படத்தில் நாயகன் ஆனார். 1966-ல் தட்டுங்கள் திறக்கப்படும் படத்தை இயக்கினார். எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய மாடி வீட்டு ஏழை பாதியில் நின்றது. கடன் ஏறியது, சொத்து கரைந்தது, குடி உடம்பைத் தின்றது. 1974 மார்ச் 8 அன்று சென்னையில் காலமானார். வயது 46.

வீடும் காசும் தங்கவில்லை. பிலிம் ஓரத்தில் பதிந்த அந்த ஒற்றைக் கோடு தங்கிவிட்டது. சபாஷ் மீனாவுக்கு ஒரு ஸ்பீக்கர் போதும்.